நாலு காது ஆட்டுக்குட்டி

சில வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதிய கதை ஒன்றில் ஒரு பசு வருகிறது. கதையின் பெயர் இங்கே வேண்டாம். படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஒரு பையனைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக வீட்டுப் பசுவை விற்கிறார்கள். தரகர் அதை ஓட்டிக்கொண்டு போகிறார். தெருமுனையில் பசு ஒரு கணம் நிற்கிறது. தலையைத் திருப்பி, திண்ணையில் நிற்கும் பையனை ஒரு பார்வை பார்க்கிறது. அவ்வளவுதான் கதை. அந்த ஒரு பார்வையினால்தான் அது பிழைத்தது என்று சொல்ல வேண்டும்.

இலக்கியக் கூட்டம் ஒன்றில் ஒரு பேராசிரியர் அந்தக் கதையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பசு தாய்மையின் சின்னம் என்றார். அழிந்து வரும் கிராமத்தின் சின்னம் என்றார். தலைவர் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், பாரத தேசத்தின் சின்னமே அதுதான் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. இவ்வளவு பெரிய பெரிய விஷயங்களை ஒரு மாட்டின் முதுகில் ஏற்றியிருக்கிறோமே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவும் கதையைப் படித்திருந்தாள். தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்:

"நம்ம செவலையைத்தானே எழுதியிருக்கே?"

"ஆமாம் அக்கா."

"நல்லாத்தான் இருக்கு. அதுக்கு ஒரு கொம்பு நுனி உடைஞ்சிருக்குமே, அது இடது கொம்பா, வலது கொம்பாடா?"

நான் யோசித்தேன். எதிரே தட்டில் தோசை ஆறிக்கொண்டிருந்தது. பத்து வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டுக் கொட்டிலில் நின்ற மாடு. அதன் பாலைக் குடித்துத்தான் வளர்ந்தேன். அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தால் என் கதையில் நானே எழுதிய வாக்கியங்கள்தான் வந்து நின்றன. கொம்பு வரவில்லை.

"தெரியலையே" என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டாள்.

*

எங்கள் தெருவில் ஒரு டிராயிங் மாஸ்டர் இருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று வெகு நாளாகிறது. ஐரோப்பாவுக்குப் போனவர் இல்லை. ஆனால் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி வாங்கிய சித்திரப் புத்தகங்கள் அவர் வீட்டில் மூன்று அலமாரி நிறைய இருக்கின்றன. மனசு சரியில்லாவிட்டால் நான் அவரிடம் போவது வழக்கம். கொம்பு விஷயத்தையும் அவரிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். "நீங்க செஞ்சது ஒண்ணும் புதுசில்லை, தம்பி. ஐரோப்பாவிலே மகா பெரிய ஆளுங்கள்ளாம் நூற்றாண்டுக் கணக்கா இதைத்தான் செஞ்சிருக்காங்க" என்று சொல்லி, இரண்டு கை கொள்ளாத கனத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். பக்கங்களுக்கிடையே அடையாளத்துக்காகக் காகிதத் துண்டுகள் செருகியிருந்தன. "ஒரு வாரம் வச்சுக்கிட்டுப் பாருங்க. ஒவ்வொரு படத்தையும் ஒரே கேள்வி கேளுங்க. இதிலே மாடு எங்கே இருக்கு?"

மாட்டுப் படத்தில் மாடு எங்கே என்று கேட்கச் சொல்கிறாரே, வயசாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு புத்தகத்தைச் சுமந்து வந்தேன்.

முதல் காகிதத் துண்டு இத்தாலிக்கு என்னை அழைத்துப் போயிற்று. பதுவா என்ற ஊரில் ஒரு சிறிய கோயில். அதன் சுவர்களில் 1305-ஆம் வருஷ வாக்கில் ஜியோட்டோ என்பவர் ஏசுநாதரின் கதையை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். ஜியோட்டோவைப் பற்றி ஒரு கதை உண்டு. சிறு பையனாக ஆடு மேய்த்துக் கொண்டிருந்தபோது பாறை மேல் ஓர் ஆட்டை வரைந்தாராம். அவ்வழியே வந்த சீமபுவே என்ற பெரிய சித்திரக்காரர் அதைப் பார்த்து அப்படியே அவரைத் தம்மோடு அழைத்துப் போய்விட்டாராம். உண்மையோ பொய்யோ, அழகான கதை. ஐரோப்பியச் சித்திரக் கலையின் புது யுகமே ஒரு மேய்ச்சல் பையன் ஓர் ஆட்டை நேராகப் பார்த்ததில் தொடங்குகிறது என்று அந்த நாட்டார் நம்ப விரும்பியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கோயில் சுவரில், குழந்தை பிறந்த கொட்டகையில் நிற்கும் எருதும் கழுதையும் மேய்ச்சல் காட்டிலிருந்து வந்தவை அல்ல, புத்தகத்திலிருந்து வந்தவை. கிறிஸ்துமஸ் சமயத்தில் நம் ஊரில் வைக்கும் குடில்களில்கூட அவற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆச்சரியம் என்னவென்றால், ஏசுவின் பிறப்பைச் சொல்லும் சுவிசேஷங்களில் எருதும் இல்லை, கழுதையும் இல்லை. மாடு தின்னும் தொட்டியில் குழந்தையைக் கிடத்தினார்கள் என்று மட்டும் இருக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்திய ஏசாயா தீர்க்கதரிசி, மாட்டுக்கும் கழுதைக்கும்கூடத் தம் எஜமானைத் தெரிகிறது, இந்த ஜனங்களுக்குத் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டிருந்தார். அந்த வருத்தத்திலிருந்துதான் இரண்டு பிராணிகளும் கொட்டகைக்குள் வந்து நின்றன. மிலான் நகரத்தில் நாலாம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்த ஒரு கல் பிரேதப் பெட்டி இருக்கிறது. அதிலுள்ள பிறப்புக் காட்சியில் குழந்தையும் எருதும் கழுதையும்தான் இருக்கிறார்கள், தாயார்கூட இல்லை! சமய ஆசிரியர்கள், எருது என்றால் யூதர், கழுதை என்றால் மற்ற ஜாதியார் என்று பொருள் சொன்னார்கள்.

தாயார் இல்லாமல்கூடப் படம் நடக்கும், மாடு இல்லாமல் நடக்காது. அவ்வளவு முக்கியம் அதற்கு. ஆனால் டிராயிங் மாஸ்டரின் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். இதில் மாடு எங்கே? அது பிரசங்கத்தின் ஒரு சொல்லாக நிற்கிறது. கொம்பு இருப்பதுகூடக் கழுதையிலிருந்து வேறுபடுத்திக் காட்டத்தான்.

*

இரண்டாவது துண்டு இருந்த பக்கத்தில் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துப் பெரிய கோயிலில் இருக்கும் படம். ஹூபர்ட், யான் என்ற வான் ஐக் சகோதரர்கள் எழுதியது; 1432-ல் முடிந்தது. மடித்துத் திறக்கும் பலகைகளில் எழுதிய பிரம்மாண்டமான சித்திரம். நடுவே பச்சைப் புல்வெளி. நாலு திசையிலிருந்தும் கூட்டம் கூட்டமாக அடியார்கள் வருகிறார்கள். எல்லோரும் வந்து வணங்குவது எதை? பலிபீடத்தின் மேல் நிற்கும் ஓர் ஆட்டுக்குட்டியை. அதன் நெஞ்சிலிருந்து ரத்தம் பீறிட்டுப் பொன் கிண்ணத்தில் விழுகிறது. குட்டி துடிக்கவில்லை, சாயவில்லை, நிமிர்ந்து நிற்கிறது. உலகத்தின் பாவத்தைச் சுமக்கும் தேவ ஆட்டுக்குட்டி அது, ஏசுநாதரே அது.

அந்தப் பக்கத்தில் டிராயிங் மாஸ்டர் ஒரு பத்திரிகைத் துண்டையும் மடித்து வைத்திருந்தார். அதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கென்ட் ஆட்டுக்குட்டிக்கு ரொம்ப நாளாக நாலு காதுகள் இருந்தனவாம்!

நடந்தது இதுதான். வான் ஐக் எழுதிய குட்டியின் முகத்தின் மேல் பதினாறாம் நூற்றாண்டில் யாரோ வேறொரு முகத்தை எழுதிவிட்டார்கள். சாதுவான, சாதாரணமான செம்மறி முகம். 1950–51-ல் படத்தைச் சீர் செய்தபோது தலையைச் சுற்றியிருந்த மேற்பூச்சைக் கொஞ்சம் எடுத்தார்கள். பழைய காதுகள் இரண்டும் வெளியே வந்துவிட்டன. முகத்தைத் தொடாமல் விட்டார்கள். ஆக, பழைய காது இரண்டு, புதுக் காது இரண்டு. இப்படியே எழுபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய நின்றது அந்தக் குட்டி. வணங்க வந்தவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்களோ!

அப்புறம் 2019-ல் முடிந்த சீரமைப்பில் மேற்பூச்சு முழுவதையும் எடுத்தார்கள். அடியிலிருந்து வான் ஐக்கின் குட்டி எட்டிப் பார்த்தது. உலகமே திடுக்கிட்டது. ஆட்டுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருக்குமல்லவா? இதற்கு மனிதனைப் போல முன்பக்கம் இருந்தன. இரண்டு கண்களும் நேரே நம்மையே உறுத்துப் பார்த்தன. சமூக வலைத்தளங்களில் கேலி செய்து தீர்த்துவிட்டார்கள். இது ஆடா, ஆள்மாறாட்டமா என்று கேட்காத குறைதான்.

நானும் முதலில் சிரித்தேன். இரண்டாம் தடவை பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று புரிய இன்னும் சில பக்கங்கள் ஆயின.

*

அடுத்தது ஸ்பெயின். மாட்ரிட் நகரத்தின் பிராடோ கலைக்கூடத்தில் இருக்கும் சிறிய படம். அகலம் 62 சென்டிமீட்டர்தான். 1635-க்கும் 1640-க்கும் இடையே சுர்பரான் எழுதியது. பின்னால் ஒரே இருட்டு. சாம்பல் நிறத்தில் ஒரு மேஜை. அதன் மேல் நாலு காலையும் சேர்த்துக் கட்டிப் போட்ட ஒரு மெரினோ ஆட்டுக்குட்டி. கொம்பு முளைத்திருக்கிறது. இன்னும் உயிர் இருக்கிறது. வேறு ஒன்றுமே இல்லை.

இதற்கும் பெயர் தேவ ஆட்டுக்குட்டிதான். பொருளும் அதேதான். சுர்பரான் இதே குட்டியைப் பல தடவை எழுதியிருக்கிறார். சிலவற்றில் தலைக்கு மேல் ஒளிவட்டம்கூட உண்டு. பிராடோவில் இருக்கும் படத்தில் அது இல்லை. ரோமத்தின் அழுக்கு தெரிகிறது. மூக்கின் ஈரம் தெரிகிறது. கயிறு சதையில் பதிவது தெரிகிறது. ரத்தமில்லை, கூட்டமில்லை. நாம் ஒருவர்தான் அதன் எதிரே நிற்கிறோம். 1724-ல் சித்திரக்காரர்களின் சரித்திரம் எழுதிய பலோமினோ என்பவர் ஒரு செய்தி சொல்கிறார்: செவில் நகரத்து ரசிகர் ஒருவரிடம் இப்படி ஒரு குட்டியின் படம் இருந்ததாம், உயிருள்ள நூறு ஆடுகளைவிட இது எனக்குப் பெரிது என்பாராம் அவர்.

நல்ல ரசனைதான். ஆனாலும் அந்த நூறு ஆடுகள் பாவம் என்று எனக்குப் பட்டது. இருந்தும் இதில் ஆடு எங்கே என்று கேட்டால் பதில் இருந்தது. இதோ, மேஜை மேல். தெய்வத்தை வரைய உட்கார்ந்தவர், கட்டுண்டு கிடந்த ஒரு குட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்புறம் ஹாலந்துக்கு வந்தேன். அங்கே மாடு கோயிலை விட்டு வெளியே வந்து அரசியலில் இறங்கிவிட்டது. ஸ்பெயின் ராஜாவை எதிர்த்து அந்த நாட்டார் போராடிக் கொண்டிருந்த பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு கேலிச் சித்திரம் பிரபலம். நாடுதான் கறவை மாடு. ஸ்பெயினின் பிலிப் ராஜா அதன் முதுகில் சவாரி செய்கிறார். இங்கிலாந்தின் எலிஸபெத் ராணி தீனி வைக்கிறாள். பிரான்ஸ் தேசத்து ஆஞ்ஜூ பிரபு வாலைப் பிடித்து நிற்க, மாடு அவர் கையிலேயே சாணி போட்டுவிடுகிறது. தேசத்தையே மாடாக்கினார்கள் என்று தெரிந்ததும் எனக்கு நம் பேராசிரியர் ஞாபகம் வந்தது.

விடுதலை கிடைத்தது, வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் செல்வமாகக் குவிந்தன. 1647-ல் பவுலுஸ் போட்டர் என்ற இளைஞர் ஒரு காளையை எழுதினார். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயசுதான் அவருக்கு. படத்தின் அகலமோ மூன்று மீட்டருக்கு மேல். ராஜாக்களுக்கும் தளபதிகளுக்கும் ஒதுக்கிய அளவு அது. ஹேக் நகரத்தின் மவுரிட்ஸ்ஹவுஸ் கலைக்கூடத்தில் இன்றும் அந்தக் காளை கம்பீரமாக நிற்கிறது. சுற்றிலும் ஈ மொய்க்கிறது. தரையில் சாணி கிடக்கிறது. ஒரு மூலையில் தவளைகூட உட்கார்ந்திருக்கிறது. அப்பாடா, இங்கேதான் அசல் மாடு வந்துவிட்டது என்று நினைத்தேன். விஷயம் தெரிந்தவர்கள் அதையும் கெடுத்துவிடுகிறார்கள். அதன் கொம்பு ஒரு வயசுக்கு உரியது, தோள் வேறொரு வயசுக்கு உரியது, பல் இன்னொரு வயசுக்கு உரியது என்கிறார்கள். பல மாடுகளைத் தனித்தனியே வரைந்து வைத்துக்கொண்டு ஒரு மாடாகத் தைத்திருக்கிறார் போட்டர்! கொம்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் எனக்கு முள் தைத்த மாதிரி இருந்தது.

*

இங்கிலாந்தில் வேறு கூத்து. பதினெட்டாம் நூற்றாண்டில் ராபர்ட் பேக்வெல் போன்ற பண்ணைக்காரர்கள், தேர்ந்தெடுத்து இனம் சேர்த்து, கொழுத்த ஆடு மாடுகளை உண்டாக்கினார்கள். அப்படிப் பிறந்தது 'டர்ஹாம் எருது'. அதற்கென்றே ஒரு வண்டி செய்து, 1801-லிருந்து ஆறு வருஷம் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காசு வாங்கிக் காட்டினார்கள். 1802-ல் வெளியான அதன் படம் இரண்டாயிரம் பிரதிக்கு மேல் விற்றது. பல ஊர்களில் மதுக்கடைகளுக்கு அதன் பெயரையே வைத்தார்கள். 1807-ல் இடுப்பு எலும்பு பிசகியது, பிறகு வெட்டிவிட்டார்கள்.

அந்தக் காலத்துப் பண்ணைப் படங்களில் மாடு என்பது மரப்பெட்டிக்குக் கால் வைத்த மாதிரி இருக்கும். தலை மட்டும் எலுமிச்சம் பழம். அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். படம்தானே விளம்பரம்? தாமஸ் பியூயிக் என்ற மரச் செதுக்குச் சித்திரக்காரர் இதைப் பற்றித் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவரைச் சில செம்மறி ஆடுகளை வரையக் கூப்பிட்டார்கள். கண்ணால் பார்த்தபடி வரைந்தார். சொந்தக்காரர்களுக்குத் திருப்தியில்லை. இங்கே கொஞ்சம் கொழுப்பு, அங்கே கொஞ்சம் கொழுப்பு என்று ஏற்றச் சொன்னார்கள். இல்லாத இடத்தில் என்னால் கொழுப்பு வைக்க முடியாது என்று மறுத்துவிட்டார் பியூயிக். வேலை போயிற்று.

இந்த மனிதரை எழுந்து நின்று கும்பிட வேண்டும் போலிருந்தது. இல்லாத கொழுப்பை வைக்க மறுத்து வேலையை இழந்தவர் அவர். இல்லாததை வைத்துப் பெயர் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லும்போதே யாரைச் சொல்கிறோம் என்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது.

பிரான்ஸில் ரோஸா பொன்னேர் என்ற பெண்மணி. மாட்டுச் சந்தைக்கும் கசாப்புக் கூடத்துக்கும் போய் வரைவதற்காக, ஆண் உடை தரிக்கப் போலீஸாரிடம் அனுமதிச் சீட்டே வாங்கி வைத்திருந்தவர். 1848-ல் புரட்சி நடந்தது. அடுத்த வருஷம், அரசாங்கமே கேட்டு வாங்கிய படமாக, நிவெர்னே வட்டாரத்தின் உழவை எழுதினார். பன்னிரண்டு எருதுகள் ஈர மண்ணைப் புரட்டிக்கொண்டு வரிசையாக ஏறி வருகின்றன. உழைப்பின் சின்னம், பிரான்ஸ் மண்ணின் சின்னம் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். இருக்கட்டும். நடுவே ஒரு வெள்ளை எருது மட்டும் முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கிறது. அது எதன் சின்னமும் இல்லை. களைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

*

கடைசிக் காகிதத் துண்டு இருந்த பக்கத்தைப் புரட்டி உடனே மூடிவிட்டேன். பிறகு திறந்தேன். பாரிஸில் லூவ்ர் கலைக்கூடத்தில் இருக்கும் ரெம்ப்ராண்டின் படம், 1655-ல் எழுதியது. தோலுரித்த மாடு ஒன்று, கால்களை விரித்து, மரச்சட்டத்தில் தொங்குகிறது. தலையில்லை. பின்னால் கதவருகே ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள். சிலுவையில் தொங்கும் ஏசுநாதர் போலவே இருக்கிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் ரெம்ப்ராண்ட் கடனில் மூழ்கித் திவாலானார். கொட்டகையில் பக்தியோடு நின்ற எருது, முன்னூற்றைம்பது வருஷத்தில் இந்தச் சட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பித்துப் பிடித்தவர் சூட்டின். இன்றைய பெலாரஸில் ஒரு சின்ன ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பாரிஸுக்கு வந்தவர். 1925 வாக்கில் ஒரு முழு மாட்டுடலை வாங்கித் தம் அறையிலேயே தொங்கவிட்டார். நாளாக ஆக நிறம் மங்கியது. ரத்தம் வாங்கி வந்து அதன் மேல் ஊற்றி ஊற்றி வரைந்தார். நாற்றம் தாங்காமல் அண்டை வீட்டார் புகார் செய்ய, சுகாதார அதிகாரிகள் வந்து நின்றார்கள். அப்படியும் விடாமல் எழுதினார். ஏன் இப்படி என்பதற்கு அவரே ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். சிறு வயதில் ஊர்க் கசாப்புக்காரன் ஒரு பறவையின் கழுத்தை அறுப்பதைப் பார்த்தாராம். கத்த வேண்டும் போலிருந்ததாம். அந்த ஆளின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கண்டதும் சத்தம் தொண்டையிலேயே நின்றுவிட்டதாம். அந்தச் சத்தம் பிற்காலத்திலும் தொண்டைக்குள் அப்படியே இருந்ததாகவும், மாட்டை எழுதியபோதெல்லாம் அதை வெளியே விடத்தான் முயன்றதாகவும், அப்படியும் முடியவில்லை என்றும் சொன்னார்.

புத்தகத்தை மூடி வைத்தேன். இதற்கு அப்புறம் மாட்டுக்கு ஒரே ஓர் இடம்தான் பாக்கி. 1994-ல் டேமியன் ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் அதையும் செய்துவிட்டார். ஓர் ஆட்டுக்குட்டியையே கண்ணாடித் தொட்டிக்குள் ஃபார்மால்டிஹைட் திரவத்தில் நிறுத்தி வைத்தார். தூரிகையும் இல்லை, வர்ணமும் இல்லை. இதில் ஆடு எங்கே என்று கேட்கவே வேண்டாம், ஆடுதான் இருக்கிறது. ஆனால் உயிர் இல்லை.

*

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சூட்டினுக்குத் தொண்டையில் ஒரு சத்தம் நின்றது. எனக்கு என்ன நின்றது என்று தேடிப் பார்த்தேன்.

செவலை கடைசி இரண்டு வருஷம் சினை பிடிக்கவில்லை. கறவை நின்றுவிட்டது. எனக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டியிருந்தது. தரகர் வந்து, அப்பாவின் கை மேல் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து விலை பேசினார். மலட்டு மாட்டை யார் வாங்குவார்கள், எதற்காக வாங்குவார்கள் என்பது அந்தத் துண்டுக்கு அடியிலிருந்த விரல்களுக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கொட்டிலிலிருந்து அவிழ்த்தார்கள், பழைய கயிற்றை அப்பா எடுத்து வைத்துக்கொண்டார். நான் திண்ணையில் நின்றேன்.

அது வரைக்கும் கதையில் எழுதியது நிஜம். தெருமுனையில் நடந்ததுதான் நிஜமில்லை. செவலை தெருமுனைக்குப் போகும் வரை நான் நிற்கவே இல்லை. நாலு வீடு தாண்டுவதற்குள் உள்ளே போய்விட்டேன். என் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்க வேண்டியிருந்தது. அது திரும்பிப் பார்த்ததா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. நான் பார்க்காததனால்தான் இருபது வருஷம் கழித்து அதை என்னைப் பார்க்க வைத்தேன்.

கென்ட் ஆட்டுக்குட்டியின் பார்வையை எங்கே பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. என் கதையின் பசுவுக்கு அந்தக் கண்தான். முன்பக்கம் பார்க்கும் மனிதக் கண். ஆனால் வான் ஐக் யாரையும் ஏமாற்றவில்லை. அது ஆடு என்று அவர் சொல்லவேயில்லை; தெய்வம் என்றுதான் சொன்னார். நானோ, எங்கள் வீட்டுச் செவலை என்று சொல்லிக்கொண்டே அதன் முகத்தின் மேல் வேறொரு முகத்தை எழுதினேன். மன்னிக்கிற முகம். அது எனக்குத் தேவையாயிருந்தது. தாய்மை, கிராமம், தேசம் என்று பேராசிரியர் ஏற்றிய சுமையெல்லாம் அப்புறம்தான். முதல் சுமையை ஏற்றியவன் நான்.

சின்னம் என்றால் தப்பு என்று நான் சொல்லவில்லை. மனிதனுக்குச் சின்னம் இல்லாமல் முடியாது. சுர்பரானும் ஒரு சின்னத்தைத்தான் வரைந்தார். ஆனால் காலில் கயிறு பதிவதைப் பார்த்துவிட்டு வரைந்தார். அந்தக் கயிற்றைப் பார்த்தவனுக்குத்தான் அதற்கு மேல் எதுவும் சொல்ல உரிமை உண்டு என்று எனக்குப் படுகிறது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டிராயிங் மாஸ்டர் கேட்டார்: "என்ன தம்பி, மாடு கிடைச்சுதா?"

"ஒண்ணு ரெண்டு இடத்திலே கிடைச்சுது, ஸார். என்னுதுதான் கிடைக்கலை" என்றேன்.

அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். பழைய நாளில் அந்தத் திண்ணையில் என்னோடு நின்றவள் அவள்தான். நான் உள்ளே போன பிறகும் நின்றவள்.

"இடது கொம்பு" என்றாள், கேட்டவுடனேயே. "கிணத்துக் கட்டையிலே இடிச்சு உடைஞ்சுது. அன்னிக்கு நீயும் இருந்தே."

கொஞ்சம் தயங்கி அடுத்ததையும் கேட்டேன். "தெருமுனையிலே அது திரும்பிப் பார்த்ததா, அக்கா?"

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். கதையைப் படித்த அன்றைக்கே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

"தரகர் கையிலே ஒரு பிடி பச்சைப் புல்லு வச்சிருந்தார். அதைப் பார்த்துக்கிட்டே போச்சுடா" என்றாள்.

அந்தக் கதை மறுபதிப்புக்குப் போகும் சமயம் அது. அந்தப் பார்வையை எடுத்துவிடலாமா என்று நாலு நாள் யோசித்தேன். எடுத்தால் கதை இல்லை. எடுக்காவிட்டால் செவலை இல்லை. கடைசியில் பார்வையை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முன்னால் இரண்டு வரிகள் சேர்த்தேன். இடது கொம்பு நுனி உடைந்திருந்தது என்று ஒன்று. தரகர் கையில் பச்சைப் புல் இருந்தது என்று ஒன்று.

இரண்டும் ஒன்றுக்கொன்று சேரவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். புல்லைப் பார்த்துக்கொண்டு போகும் மாடு எப்படித் திரும்பிப் பார்க்கும் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் பசுவுக்கு இப்போது நாலு காது. மேற்பூச்சை முழுவதும் எடுக்கும் தைரியம் எனக்கு வரும் வரையில் அது அப்படியே நிற்கட்டும்.